கேளுங்கள், சொல்கிறோம்: கடல் நடுவே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு

கேள்வி: லட்சத்தீவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே ஆறும் ஏரியும் இல்லை, ஆனாலும் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்கிறான். இங்கே கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் போர்வெல்லில் உப்பு ஏறிவிட்டது. நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவில் இது எப்படிச் சாத்தியம்?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மை. சொல்லப்போனால், அவருடைய கிணறும் உங்களுடைய போர்வெல்லும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

லட்சத்தீவு போன்ற பவளத்தீவின் தரை மணலாலும் துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையாலும் ஆனது என்பதால், பெய்யும் மழை ஓடையாகத் திரண்டு ஓடுவதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 1,000 கிராம் எடை என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் ஒரு தீவே தண்ணீர் குடிக்கிறது. எடை குறைந்த மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து, தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் மூக்குக்கண்ணாடி வில்லை போலப் படிந்திருப்பதால், அதற்கு நன்னீர் வில்லை என்றே பெயர். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால், ஏற்றவற்றம் இரண்டு நீரையும் ஓயாமல் கலக்கிவிடுவதால் சிறு தீவுகளில் அவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் போர்வெல்லின் கதை வந்துவிடும். நீர்மட்டம் 1 அடி இறங்கினால், கீழேயிருக்கும் உப்பு பல மடங்கு மேலே ஏறும். கயிறும் வாளியுமாக மேலாக மொண்டு எடுக்கும்வரை வில்லை தாக்குப்பிடிக்கும். ஆழத்தில் குழாயை இறக்கி மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டினால் தாங்காது. மக்கள்தொகை பெருகிய, லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் கிணறுகள் மட்டும் போதாமல் போனதால், நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் அங்கே ஒரு நிலையம் அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கும் முறை அது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும்படி அமைக்கப்பட்டது.

கேள்வி: பவளத்தீவுகள் ஏன் வளையமாக இருக்கின்றன? நடுவில் இருந்த நிலம் எங்கே போயிற்று?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: கீழே போயிற்று. எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல அமிழ, வெளிச்சம் தேடிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் மலை மறைந்து, வளையமும் அதன் நடுவே ஆழமற்ற காயலும் மிஞ்சுகின்றன. டார்வின் 1842இல் வெளியிட்ட இந்த விளக்கத்தை நேரில் சரிபார்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் 1952இல் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்பைக் கடந்த பிறகே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. ஆனால் எல்லாத் தீவும் அச்சில் வார்த்தது போல இருக்காது. லட்சத்தீவின் ஆந்த்ரோத்தில் காயலே இல்லை. இத்தகைய வளையத்தீவைக் குறிக்கும் ‘அட்டோல்’ என்ற சொல்லே மாலத்தீவின் திவெஹி மொழியிலிருந்து உலகுக்குப் போனது. மினிக்காயில் பேசப்படும் மஹல் அம்மொழியின் வழக்குதான்.

கேள்வி: இந்தத் தீவுகள் மூழ்கிவிடுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: மாலத்தீவின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1.5 மீட்டர்தான் என்பதால் அச்சம் நியாயமானது. ஆயினும் இவை ஓரிடத்தில் உறைந்த நிலங்கள் அல்ல. மெரினா மணலை உள்ளங்கையில் ஏந்தினால் மின்னுவது பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்த பாறைத்துகள். பவளத்தீவு மணலிலோ எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும், ஏனெனில் அது முழுவதும் பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு. பாறையைக் கொறிக்கும் மீன்களின் கழிவும் அதில் அடக்கம் என்பதை, வெண்மணலில் படுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பவளம் உயிரோடிருந்து மணல் வந்துகொண்டிருக்கும்வரை அலைகள் ஒரு கரையை அரித்து மறுகரையில் சேர்க்கும். பவளம் போனால் நிலமும் போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். மற்ற தீவுகளிலும் வீடுகள் மூழ்குவதற்கு வெகுமுன்பே, புயலலை தரைமேல் ஏறி வடிந்த மறுநாள், முதலில் கரிக்கத் தொடங்குவது கிணற்றுத் தண்ணீர்தான்.