வலி மிகும் இடங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், மணிக்கட்டில் சின்னதாக 'தன்னம்பிக்கை' என்று டாட்டூ போட்டுக்கொள்ளப் போகிறாளாம். பச்சைக் குத்துவதெல்லாம் நம் பண்பாடா சார்?
– ஒரு தகப்பன், கும்பகோணம்

பதில்: பண்பாடு இருக்கட்டும், அந்த 'க்' எங்கிருந்து வந்தது? பச்சையைக் குத்தினால் 'பச்சை குத்துவது'. 'ஐ' மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. கனி தின்றான், துணி கட்டினான் மாதிரி இங்கே வலி மிகாது. பச்சைப் பொய், பச்சைத் தண்ணீர் எல்லாம் பண்புத்தொகை, அங்கே மிகும். ஒற்றைப் போட்டால் என்ன, விட்டால் என்ன என்று மாதாமாதம் சண்டைக்கு வரும் கோஷ்டியும் இதைப் படிக்கட்டும்.

இலக்கணத்தில் மிகாத வலி, தோலில் மிகும். விலா, கணுக்கால் எலும்பு, முழங்கை மடிப்பு, உங்கள் மகள் பார்த்து வைத்திருக்கும் உள் மணிக்கட்டு: இவை வலி மிகும் இடங்கள். மேல்கையின் வெளிப்பக்கம், தொடையின் வெளிப்பக்கம்: அவ்வளவாக மிகா இடங்கள். தமிழய்யா இந்தப் பட்டியலை நடத்தியிருந்தால் ஒரு பயலும் மறந்திருக்க மாட்டான்.

இன்னொரு வேடிக்கை, பச்சை பச்சையே இல்லை, கரி. குறத்திகள் மை கூட்டிய முறையை சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த வெள்ளைக்கார ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவ வேண்டும். அதைத் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைக்க வேண்டும். எரிந்த பிறகு மஞ்சளேது, அகத்தியேது? அந்தக் கரி தோலுக்கடியில் கிடக்கும்போது நீலப் பச்சையாகத் தெரிகிறது. கருஞ்சிவப்பு ரத்தம் ஓடுவதைப் 'பச்சை நரம்பு' என்கிறோமே, அதே கண்மாயம்தான். ஆக, அகத்திக்கீரை எவ்வளவு பண்பாடோ அவ்வளவு பண்பாடு இதுவும்.

என் கவலை வேறு. மை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால், மேல்தோல் மாதத்துக்கொரு தரம் உரியும்போது கூடவே போய்விடும். ஆழமாக இறங்கினால் கொழுப்பில் கசிந்து கோடு ஊறிப்போகும். சரியாகக் குத்தினாலும் வருஷம் போகப் போகக் கோடு தடிக்கும். 'தன்னம்பிக்கை'யில் மூன்று புள்ளி, போதாக்குறைக்கு ன-வின் சுழிகள், சங்கிலிக் கொம்பு. அரிசி அளவில் குத்தினால் சுழி அடைத்து, புள்ளி எழுத்தோடு ஒட்டி, கடைசியில் மச்சம் மாதிரி ஏதோ மிஞ்சும். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

அடுத்த ஆபத்து கம்ப்யூட்டர். தமிழுக்குச் சரிசெய்யாத மென்பொருளில் தட்டினால் 'கை'யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். குத்துகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதுவும் டிசைன்தான். தப்பை ஸ்டென்சிலிலேயே, அதாவது குத்துவதற்கு முன் தோலில் ஒட்டும் மாதிரியிலேயே, பிடிக்க வேண்டும். ஊதா நிறத்தில் தோலில் ஒட்டிக் காய்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் புரூஃப் பார்க்கும் நேரம். செல்ஃபி எடுத்துப் பார்க்க வேண்டாம், திரையில் எழுத்து திரும்பித் தெரியும். தப்பென்றால் ஸ்பிரிட்டால் துடைத்து வேறு ஒட்டலாம். ஊசி இறங்கிவிட்டால் ஆறெட்டு வாரத்துக்கொரு தரம் லேசர்தான், அதுவும் பல தடவை.

துணைக்கு ஒற்று தெரிந்த யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீங்கள் போகாதீர்கள்.