சூடானதும் நின்றுவிடும் வண்டியும் வேறு சில சந்தேகங்களும்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) காலத்து பைக் வைத்திருப்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நிறையப் பேர் மாடலைச் சொல்லவில்லை. அதனால் இடைவெளி, வோல்டேஜ் போன்ற அளவுகளில் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. 20 நிமிஷம் விட்டால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியாச்சு.

பதில்: மூன்றையும் மாற்றியும் தீரவில்லை என்றால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. இந்த வியாதியை ஆறின வண்டியில் தேடினால் கிடைக்காது. நின்ற அந்த இரண்டு நிமிஷத்துக்குள் பார்க்கணும். ஒரு நல்ல பழைய பிளக்கையும் பிளக் ஸ்பேனரையும் கையோடு வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நிற்கும்வரை ஓட்டுங்கள்.

நின்றதும் முதல் வேலை, டேங்க் மூடியைத் திறப்பது. "உஸ்" என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி கிளம்பினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரணும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். வண்டி ஆறுவதற்குள் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்விடுவதால், "ஆறினதும் சரியாகிவிட்டது" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. துளையை அடைத்திருந்தது, நானே ஆசையாகத் தேய்த்த பாலிஷ்!

மூடி காரணம் இல்லை என்றால், அதை நன்றாக மூடிவிட்டு, கையில் உள்ள பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் இரும்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் ஒட்ட வைத்து கிக்கரை உதையுங்கள். வெடுக்கென்று நீலமாகப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு கரண்ட் பக்கம். பாயிண்ட் (கரண்டை வெட்டிப் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதோடு சேர்ந்திருக்கும் கண்டன்சரை. சூட்டில் செத்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் சாமான் அது. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பெட்டி வைத்த சிடிஐ வண்டி என்றால், எப்போது பொறி விடணும் என்று அதற்குச் சொல்லும், மேக்னட்டுக்குள் இருக்கும் பல்ஸ் காயிலை. வண்டி ஆறியிருக்கும்போது ஒருமுறை, நின்றதும் ஒருமுறை மீட்டரில் அதன் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். சூட்டில் எண் தாவினால் ஆள் அவன்தான்.

பொறியும் நன்றாக இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் கிக்கர் கனமில்லாமல் சர்ரென்று இறங்குகிறதா? ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி) இறுகியிருக்கலாம். சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது. "டேப்பட் சத்தமே இல்லை, சூப்பர் இன்ஜின்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். இடைவெளியை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே வையுங்கள்.

கேள்வி: கார் இன்ஜின் ஆயில் மீதம் இருக்கிறது. ஊற்றலாமா?

பதில்: கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடும் வண்டி என்றால் வேண்டாம். எரிபொருள் சிக்கனத்துக்காக வழுவழுப்பு கூட்டிய கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2: நனைந்த கிளட்ச் பைக்குக்கான ஆயில் தரக் குறி) என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. எல்இடி போட்டால் தீருமா?

பதில்: தீரலாம். ஆனால் முதலில் மீட்டர் வையுங்கள். லைட்டைப் போட்டு, இன்ஜினை 4,000 ஆர்பிஎம் பக்கம் பிடித்து, பேட்டரி முனையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.5 முதல் 14.5 வரை இருக்கணும். பிறகு அதே அளவை பல்பின் பின்பக்கம் எடுங்கள். பேட்டரியில் 14, பல்பில் 11.5 என்றால் பல்பின்மேல் தப்பே இல்லை. பச்சை பிடித்த சாக்கெட், தேய்ந்த சுவிட்ச், மெலிந்த எர்த் ஒயர் ஆகியவை நடுவில் தின்றுவிடுகின்றன. ஒரு ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் கொடுத்தாலே பழைய பல்பு புதுசு மாதிரி எரியும். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து வராமல் நேராக மேக்னட்டிலிருந்து ஏசி கரண்டில் எரியும். அதில் இந்த வைத்தியம் அப்படியே பலிக்காது.

எல்இடி போடுவதானால் இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஹாலோஜனுக்குச் செய்த கிண்ணத்தில் எல்இடி வைத்தால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்.

கேள்வி: முன் டிரம் பிரேக் பிடிப்பதே இல்லை. டிஸ்க் மாற்றலாமா சார்?

பதில்: ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். அதற்கு முன் இரண்டு விஷயம். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது டிரம்மில் கேபிள் இழுக்கும் கையும் (லீவர்) கேபிளும் சுமார் 90 டிகிரியில் இருக்கணும். அதைத் தாண்டிப் போனால், எவ்வளவு இழுத்தாலும் பலம் குறையும். அடுத்து, ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். ஷூ டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால் டிஸ்க் பற்றிப் பேசலாம்.

கேள்வி: 2,000 கிலோமீட்டர் பயணம் போகிறேன். 25 வருஷ வண்டி. கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபுல் சர்வீஸ் போதுமா?

பதில்: முந்தின நாள் ஸ்பேனரைத் தொடாதீர்கள்! புதிதாகப் போட்ட சாமான் 200, 300 கிலோமீட்டருக்குள்தான் தன் குணத்தைக் காட்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே வேலையை முடித்து, முழுச் சுமையோடு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடு) நிறைய இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம். என்னைக் கேட்டால் பத்து வருஷம் தாண்டிய டயரில் தூரப் பயணம் வேண்டாம். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பின்பக்கம் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரிகிற அளவுக்கு விலகினால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்றணும்.

நான் எப்போதும் செய்வது ஒன்று: ஓடுகிற கிளட்ச் கேபிளோடு இன்னொரு புதுக் கேபிளையும் அதே வழியில் கொண்டுபோய், இரு முனையையும் டேப் சுற்றி வைத்துவிடுவேன். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது, டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. செயினின் இரு முனையையும் இணைக்கும் செயின் லாக் ஒன்றும் கொண்டுபோங்கள். அதன் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும்.

கேள்வி: மலை ஏறினால் கரும்புகை, இழுவையும் இல்லை. டூ ஸ்ட்ரோக்.

பதில்: 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழையபடி பெட்ரோலை விடுகிறது. ஓரிரு நாள் பயணம் என்றால் சுத்தமான ஏர் ஃபில்டரே போதும், பொறுமையாக ஏறுங்கள். அங்கேயே தங்குவதானால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றிப் பெட்ரோலைக் குறைக்கலாம். இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெட்ரோல் குறைவாகப் போய்க் கீழே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டி என்றால் இறக்கத்திலும் கவனம். ஆக்சிலேட்டரை மூடியே இறங்கினால் இன்ஜினுக்கு ஆயிலும் போகாது. இடையிடையே கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

கேள்வி: ஜப்பான் கார்புரேட்டரில் ஸ்க்ரூ தலை எல்லாம் வழுக்குகிறது.

பதில்: ஸ்டார் ஸ்க்ரூ மாதிரி தெரிந்தாலும் அது ஜேஐஎஸ் (JIS, ஜப்பான் தர அளவு) வகை. அதற்கென்று உள்ள ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பா வண்டி 8 வருஷமாக நிற்கிறது. என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம் என்று குழப்பம். சொல்லுங்களேன்.

பதில்: கிக்கரை உதைத்துப் பார்த்தீர்களா? இல்லை என்றால் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசைந்தால் பழைய பெட்ரோல், ரப்பர் குழாய், ஆயில் மூன்றையும் மாற்றிவிட்டு எழுதுங்கள். கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டேங்குக்குள் துரு எவ்வளவு என்று தெரிந்த பிறகு.