திரும்பி நிற்கும் பல்லுக்கு எலும்பில் ஸ்குரூ தேவையா?

கேள்வி: மகளுக்கு 16 வயது. மேல் வரிசையில் வேட்டைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவது பல்லு கிட்டத்தட்ட 90 பாகை திரும்பி நிற்கிறது. கிளிப் போட்ட டொக்டர், எலும்பில் சின்ன ஸ்குரூ ஒன்று போட்டுத்தான் திருப்ப வேண்டும் என்கிறார். பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள், எனக்கும் பயம்தான். அவசியமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: நானாக இருந்தாலும் போட்டிருப்பேன் அம்மா. ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை இழுத்தால், பிடித்த பல்லும் சேர்ந்து நகரும். குருநகர்க் கரையில் ஒரு வள்ளத்தில் நின்றபடி மற்ற வள்ளத்தைக் கயிற்றால் இழுத்தால் இரண்டுமே அசையும், கரையில் அடித்த கட்டையில் கட்டி இழுத்தால் வர வேண்டியது மட்டும் வரும். அந்தக் கட்டைதான் ஸ்குரூ. கொஞ்சமாகத் திரும்பிய பல்லுக்கு கிளிப் கம்பியே போதும். 90 பாகை என்றால் பக்கத்துப் பற்கள் சரிந்து, நல்லாயிருந்த கடியும் கெட்டுப்போகலாம்.

பல்லின் உட்பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்றை ஒட்டி, அதிலிருந்து ஸ்குரூவுக்கு றப்பர் சங்கிலி போடுவார்கள், வெளிப்பக்கத்தை எதிர்த் திசையில் இன்னொன்று இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பல் சுழலுவதோடு இடமும் மாறிவிடும். இதில் ஒரு லாபமும் உண்டு: இந்தப் பல்லு அகலத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர், கன்னப் பக்கத்திலிருந்து அண்ணப் பக்கம் வரை 9. திரும்பி நிற்கும்போது அது 9 மில்லிமீற்றர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், நேரானால் மிச்சம் மற்றப் பற்களுக்கு.

சரி, ஸ்குரூ. டைட்டேனியம் கலவை, தடிப்பு 1.5 முதல் 2 மில்லிமீற்றர், நீளம் பெரும்பாலும் 6 முதல் 10. எக்ஸ்ரே பார்த்து, முரசை (ஈறை) மட்டும் விறைக்க வைத்துப் போடுவார்கள். விறைப்பு மருந்தைக் குறைவாகக் கொடுப்பது கஞ்சத்தனத்தால் இல்லை, வேரில் முட்டினால் பிள்ளைக்குச் சுளீர் என்று வலிக்கும், டொக்டர் உடனே நிறுத்தித் திசையை மாற்றுவார். மற்றப்படி அழுத்தம்தான் தெரியும். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம், அதற்குப் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. பத்தில் ஒன்று அளவில் தளர்ந்துவிடும். அப்படி ஆனால் விரலால் திருகிப் பார்க்க வேண்டாம், டொக்டர் கழற்றி வேறு இடத்தில் போடுவார். தளர்வதற்கு ஒரு முக்கிய காரணம் சுற்றியுள்ள முரசு வீங்குவது, அதனால் மென்மையான பிரஷால் ஸ்குரூத் தலையையும் தினமும் துலக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது ஸ்குரூவுக்கு இல்லை, அதற்குப் பிறகு வருவதற்குத்தான். திருப்பிய பல்லு பழைய பக்கமே திரும்பப் பார்க்கும். எலும்பு சில மாதங்களில் ஒழுங்காகிவிடும், ஆனால் பல்லின் கழுத்தைச் சுற்றி முரசில் இருக்கும் நார்கள் முறுக்கி இழுபட்டபடியே ஒரு வருடம், சில வேளை அதற்கும் மேல் நிற்கும். அதனால் சில டொக்டர்மார் அந்த நார்களை விறைக்க வைத்து வெட்டிவிடுவார்கள், சின்ன வேலைதான். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் உட்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டுவதோ, இரவில் றிற்றெயினர் (பல்லை நகரவிடாமல் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய கருவி) போடுவதோ கட்டாயம். கிளிப் கழன்ற சந்தோஷத்தில் றிற்றெயினரை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். எதை வைத்து, எவ்வளவு காலம் பிடிக்கப் போகிறார் என்று டொக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

புழுக்கொடியல், முறுக்கு எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சங்கிலி அறுந்தாலோ பொத்தான் கழன்றாலோ அன்றைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை விட்டால் ஒரு மாத இழுவை வீண்.