வரைந்து பார்க்கலாம்: வாசகர் கேள்விகள், டிராயிங் மாஸ்டர் பதில்கள்

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், வேலூர் சத்துவாச்சாரியில் ஞாயிறு காலைகளில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுத்துவருபவர், இந்த இதழில் நம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் தேசியக்கொடியும் வரைந்ததோடு சரி. பெயிண்டிங் கற்க ரொம்ப நாள் ஆசை. எங்கள் பக்கத்து வகுப்பில் எல்லாம் ஐந்தாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள். அவர்கள் நடுவில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் கை படியுமா?
(வாசகி, காட்பாடி)

படியும் அம்மா. குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி போட்ட கை உங்களுடையது. பென்சில் அதற்கு ஒரு பாரமே இல்லை. கையைவிடப் பெரிய சொத்து உங்கள் கண். ஒருவரின் முகம் லேசாக வெளிறியிருப்பதும், கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருப்பதும் உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அந்தச் சின்ன நிற வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் நாங்கள் வகுப்பில் மாதக்கணக்கில் பாடுபடுகிறோம்.

பிள்ளைகளின் வகுப்பு உங்களுக்குச் சரிப்படாது. கூச்சத்துக்காகச் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் போட்டிக்கும், அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் கிரேடுக்கும் தயார் செய்வார்கள். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று அது தனிப் பாதை. பெரியவர்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பணம் கட்டுமுன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாஸ்டர் எல்லார் கண்ணெதிரிலும் வரைந்து காட்டுகிறாரா? முதல் மாதம் எதைப் பார்த்து வரையச் சொல்கிறார்? சொம்பு, காய்கறி, மடித்துப் போட்ட துண்டு என்று பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். முதல் நாளே ஒரு கேன்வாஸை முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்கிற வகுப்புகளும் உண்டு. சந்தோஷமாகப் பொழுது போகும். ஆனால் அடுத்த வாரம் தனியாக உட்கார்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

வகுப்பு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். மார்க்கெட்டில் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒன்று வாங்கி, ஜன்னல் ஓரமாக வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். 2பி பென்சில் போதும். முதலில் காய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கோடு. அப்புறம் அகலம். காம்பையும் முள்ளையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஆசையாக முள்ளில்தான் ஆரம்பிப்பார்கள், காய் கோணிப்போகும். ஜன்னல் வெளிச்சம் தோலில் ஒரு வெள்ளைத் தீற்றலாகப் பளபளக்கும். அந்த இடத்தில் பென்சில் படவே கூடாது. பிறகு காயின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். இருட்டாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். தாளின் வெள்ளை பட்டு, விளிம்பில் மெல்லிசாக ஒரு வெளிச்சம் ஓடும். அது கண்ணில் பட்டுவிட்டால் பாதி வகுப்பு முடிந்தது.

வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா? கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார். முதலில் எதை வாங்க?
(வாசகர், ராணிப்பேட்டை)

ஆயில் இப்போதைக்கு வேண்டாம். ஒரு படம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாள்கணக்கில் ஆகும். டர்பன்டைன் வாடை சின்ன வீட்டில் தங்கிவிடும். அக்ரிலிக் தாராளமாகத் தொடங்கலாம். தப்பாகப் போட்டால் காய்ந்ததும் மேலே பூசி மறைத்துவிடலாம். ஆனால் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரில் கரையாது. எனவே டீ குடிக்க எழுந்தால்கூட பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும்.

என் மனசு வாட்டர் கலர் பக்கம். சாமான் குறைவு, பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். கேமல் மாதிரி மாணவர் தரத்து ட்யூப் பெட்டி ஒன்று, 8ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ், ஓர் அங்குல ஃபிளாட் பிரஷ், தண்ணீருக்கு இரண்டு தம்ளர் போதும். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தமாக. கலரில் சிக்கனம் பாருங்கள், பிரஷிலும் பாருங்கள். பேப்பரில் மட்டும் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர் கலர் பேப்பர் கேட்டு வாங்குங்கள். சாதாரண டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டதும் தாள் நெளியும், கலர் திட்டுத்திட்டாகத் தேங்கும். தனக்கு வரவில்லை என்று நினைத்து வகுப்பை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பல பேருடைய கையில் குறையே இல்லை, குறை தாளில். ஏ4 தாளை இரண்டாக வெட்டிக்கொண்டால் செலவும் பாதி.

வானம் போட்டால் கோடு கோடாக விழுகிறது. யூடியூபில் போடுகிறவருக்கு மட்டும் எப்படி அவ்வளவு மழமழவென்று வருகிறது?
(வாசகி, வேலூர்)

அவர் எந்த ஊரில் உட்கார்ந்து போடுகிறார் என்று பாருங்கள். நம்ம ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் கருங்கல் மலை, ராத்திரியிலும் சூடு விடாது. நீங்கள் இரண்டாவது தீற்றலுக்குக் கலர் தொடுவதற்குள் முதல் தீற்றல் காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பின் மேல் ஈரம் பட்டால் கோடு விழாமல் என்ன செய்யும்?

விடியற்காலையில் உட்காருங்கள். வானம் போடும் ஐந்து நிமிஷம் ஃபேனை நிறுத்திவிடுங்கள். இது வீட்டில் சண்டை வரக்கூடிய விஷயம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு டைல்ஸ் துண்டின் மேலோ கண்ணாடியின் மேலோ படியப் போட்டால் ஈரம் நெடுநேரம் தாங்கும். கலரை முன்னாலேயே கிண்ணத்தில் தேவைக்கு மேலாகவே கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கலக்கப் போனால் தீர்ந்தது கதை. மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் கிடைக்கும், தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். அளவு மீறினால் படம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், கவனம்.

தாள் கிடக்கும் டைல்ஸின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பெரிய பிரஷால் மேலிருந்து போடுங்கள். கீழ் விளிம்பில் கலர் ஒரு சொட்டாகத் திரண்டு நிற்கும். அடுத்த தீற்றல் அந்தச் சொட்டைத் தொட்டு இழுக்க வேண்டும். போட்ட இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறும் என்பதால், கலரை ஒரு படி அழுத்தமாகவே எடுங்கள்.

ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். பிரிண்ட் எடுத்த படம் ஒன்று தருவார்கள், பார்த்துப் போடுவேன். நன்றாகவே வருகிறது, வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியில் உட்கார்ந்தால் ஒரு மரம்கூட வரவில்லை. ஏன்?
(வாசகர், குடியாத்தம்)

படத்தைப் பார்த்துப் போடும்போது, எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்ற முடிவை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மரத்தின் முன்னால் உட்கார்ந்தால் அந்த முடிவு உங்கள் தலையில் விழுகிறது. ஆயிரம் இலை, எதை வரைய? அந்தப் பழக்கம் உங்களுக்குத் தரப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாஸ்டரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "சார், மாதத்தில் ஒரு வகுப்பை வெளியில் வைத்துக்கொள்ளலாமா?" பல பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கேட்க ஆளில்லாமல்தான் விட்டிருப்பார்கள்.

வேலூர்ப் பக்கம் வரும்போது கோட்டை அகழிக் கரையில் உட்காருங்கள். முழுக் கோட்டையையும் வரையாதீர்கள். மதில், தண்ணீர், நடுவே இருக்கும் விளிம்பு, இந்த மூன்றும் போதும். கருங்கல்தானே என்று கறுப்பு ட்யூபைத் திறக்க வேண்டாம். காலை வெயில் கிழக்கு மதிலில் நேராக விழும்போது கல் வெளுத்து, லேசான மஞ்சளாக இருக்கும். அதே சுவர் சாயங்காலம் நிழலுக்குள் போனதும் நீலம் கலந்த சாம்பலாகிவிடும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் கலந்து பாருங்கள். நீலம் கூடினால் நிழல் கல், சியன்னா கூடினால் வெயில் கல். இரண்டு ட்யூபில் கோட்டை முழுக்க வந்துவிடும். எனக்கு இதில் தீராத ஆச்சரியம். தண்ணீரில் தெரியும் மதில், மேலே இருக்கும் மதிலைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலைகள் மறைந்து, வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் நிற்கும். மரத்துக்கும் அதுதான் வழி.

பழைய ஓவியம் பார்க்கச் சித்தன்னவாசல்தான் போக வேண்டுமா? நம் பக்கம் எதுவும் இல்லையா?
(வாசகி, ஆம்பூர்)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டு சமண ஓவியங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, முழு உருவம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கூரையில் அங்கங்கே மிஞ்சியிருக்கும் கோட்டையும் நிறத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். பாறைக் கூரையில், அண்ணாந்து நின்று இதைப் போட்டவர்களை நினைத்தால் எனக்குக் கழுத்து வலிக்கும், கூடவே பெருமையாகவும் இருக்கும். வெயில் ஏறுமுன் மலையேறுங்கள், துணைக்கு ஆள் கூட்டிக்கொள்ளுங்கள், சுவரைத் தொட வேண்டாம். பென்சிலும் சின்ன நோட்டும் மட்டும் கொண்டுபோங்கள், கலரை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.