காலில் பட்டையோடு திரும்பி வந்த கீழ்வீட்டுப் பையன்

தம்பி, பாரிஸ் பக்கத்து லா கூர்நெவில் உங்கள் கீழ்வீட்டுப் பையனின் அறையில் கையால் செய்த வெடிகுண்டுகள் கிடைத்தன, போலீஸ் கூட்டிப் போனது, நாலாம் நாள் காலில் எலெக்ட்ரானிக் பட்டையோடு திரும்பிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். "குண்டு வைத்திருந்தவனை இப்படியா விடுவார்கள்? நான் வீடு மாறிவிடவா?" என்பது உங்கள் கேள்வி. லீவுக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் வந்திருக்கிறேன், இங்கிருந்தே எழுதுகிறேன். நீங்கள் முத்தியால்பேட்டைக்காரர். குண்டு என்றால் உங்களுக்கு நம்ம ஊர் நாட்டு வெடிகுண்டு வீச்சுதான் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்.

விடுவார்கள். ஆனால் அவன் தப்பித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். வழக்கு இப்போதுதான் தொடங்குகிறது.

அந்த நாலு நாள் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. பிரான்சில் சாதாரண வழக்கில் போலீஸ் காவல் 24 மணி நேரம், நீட்டித்தால் 48. வெடிபொருள் வழக்கில் 96 வரை போகலாம். பயங்கரவாதம் என்றால் 144, பாரிஸில் அதற்கென்றே இருக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கீழ்வீட்டுப் பையன் நாலு நாளில் வந்துவிட்டான் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவில்லை.

காவல் முடிந்ததும் விசாரணை நீதிபதி முன் நிறுத்துவார்கள். உள்ளே வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றினாலும் தானே அனுப்ப முடியாது. அதற்குத் தனி நீதிபதி, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பதவி. இரு தரப்பு வாதத்தையும் கேட்டு அவர்தான் முடிவு செய்வார். விசாரணைக்கு உள்ளானவர் வெளியில் இருப்பதுதான் அங்கே விதி, சிறை கடைசி வழி. சாட்சியைக் கலைப்பான், ஆதாரத்தை அழிப்பான், ஓடிவிடுவான், மறுபடி செய்வான் என்று காரணம் காட்ட வேண்டும். அதுவும் பட்டை கட்டியோ நிபந்தனை போட்டோ தடுக்க முடியாது என்றும் காட்ட வேண்டும். 'ஊரே கொதிக்கிறது' என்ற காரணம் கொலை மாதிரிப் பெரிய குற்றங்களுக்குத்தான் செல்லும். ஊத்ரோ என்ற ஊரில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை வழக்கில் சிக்கிய 13 பேர் 2004, 2005-இல் விடுதலையானார்கள். அதற்குள் அவர்களில் பலர் வருஷக்கணக்கில் சிறையில் கிடந்துவிட்டார்கள். அந்தச் சூடு பட்ட பிறகுதான், 2007-இல், இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பட்டை இருக்கிறதே, 2009-இல் வந்த ஏற்பாடு. குறித்த நேரம் தவிர வெளியே கால் வைக்கக் கூடாது. ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு வருஷம் வரை நீட்டலாம். தண்டனை கிடைத்தால் அந்த நாட்கள் கழியும், ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் அதுவும் சிறைவாசம்தான். ஹாலில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும், பையன் எல்லை தாண்டினால் கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போய்விடும். குப்பை கொட்டக் கீழே இறங்கவே கடிகாரத்தைப் பார்க்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

நம்ம ஊரிலும் கடைசியில் விடத்தான் செய்கிறார்கள். 1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் கேஸ் போட்டு காலாப்பட்டு ஜெயிலுக்கு அனுப்புவார்கள். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. என்ன, இங்கே முதலில் உள்ளே, பிறகு யோசனை. எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படி நிபந்தனை ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பத்து மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறான். ரைட்டர் நோட்டை எடுத்துப் போடும்வரை டீ தொண்டையில் இறங்காது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் தாய்மாமன். பையன் ஓடினால் தன் கழுத்துக்கு வருமே என்று பத்தே முக்காலுக்கு அவர் போன் வந்துவிடும். எனக்கென்னவோ அந்த மாமனின் போன்தான் பட்டையைவிடக் கெட்டி.

வீடு மாறுவது பற்றி: இவனுக்காக என்றால் வேண்டாம். அந்த வாடகைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒன்றில் ஜாக்கிரதை. பட்டை போட்டவன் அடுத்தவர் வீட்டில் தங்க வேண்டுமானால் அந்த வீட்டின் சொந்தக்காரரோ, வாடகை வீடென்றால் அதை வாடகைக்கு எடுத்தவரோ எழுத்தில் சம்மதிக்க வேண்டும். "ஒரு மாதம் உன் விலாசத்தில் இருக்கட்டும்" என்று அவன் அம்மா அழுதுகொண்டு வந்தால், சாப்பாடு வேண்டுமானால் கொடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ஊருக்குப் புதுசு, விசாவைப் புதுப்பிக்க வேண்டியவர். அவன் பார்சல் எதையும் வாங்கி வைக்காதீர்கள். அப்புறம், தீபாவளிக்கு இங்கிருந்து சூட்கேஸில் வெடி கொண்டுபோகிற வீர வேலையும் வேண்டாம், விமானத்தில் மத்தாப்புக்குக்கூட அனுமதி இல்லை.

போலீஸ் உங்களையும் விசாரிக்க வரலாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், மாடிப்படியில் கேட்டதைச் சேர்க்காதீர்கள். பிரெஞ்சு தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து.