ப்ராஜெக்ட் தலைப்பை கைடு திருப்பிவிட்டாரா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'சமூக ஊடகம் கல்லூரி மாணவர்களின் மனநலத்தில் ஏற்படுத்தும் தாக்கம்' என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்தேன். ரொம்பப் பொதுவாக இருக்கிறது, வேறு கொண்டு வா என்று கைடு திருப்பிவிட்டார். டேட்டா எடுத்து எழுதி முடிக்க மூன்று மாதம்தான் இருக்கிறது. நல்ல தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: கைடு சொன்னது சரிதான். ஆனால் அதற்காக வேறு தலைப்பைத் தேடி ஓட வேண்டாம், இதற்குள்ளேயே நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. மனநலம் என்றால் எது? மனச்சோர்வா, தனிமையா, பதற்றமா, தூக்கமா? சமூக ஊடகம் என்றால் எத்தனை மணி நேரம் என்பதா, ஒன்றும் பேசாமல் அடுத்தவர் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போவதா, தான் போட்டதற்கு லைக் வந்ததா என்று எட்டி எட்டிப் பார்ப்பதா? இரண்டு பக்கமும் ஒன்றைப் பிடித்தால், 'விடுதி மாணவியர் படுக்கையில் ரீல்ஸ் பார்க்கும் நேரத்துக்கும் அவர்களது தூக்கத்தின் தரத்துக்கும் உள்ள தொடர்பு' என்று வந்து நிற்கும். தூக்கத்தை அளக்க 1989-ல் வந்த பிட்ஸ்பர்க் அளவுகோல் இருக்கிறது. கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று கொள்வார்கள். அளக்க வழி கிடைத்ததும் தலைப்பு பாதி முடிந்தது.

தலைப்பில் 'தாக்கம்' போய் 'தொடர்பு' வந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒரே ஒரு முறை ஃபார்ம் கொடுத்து எடுக்கும் சர்வேயில் எது எதைத் தாக்கியது என்று சொல்லவே முடியாது. ரீல்ஸ் பார்த்ததால் தூக்கம் போனதா, தூக்கம் வராததால் போனைக் கையில் எடுத்தாளா? வைவாவுக்கு வருகிறவர் இந்த இடத்தில்தான் முதலில் கை வைப்பார்.

இந்தத் தலைப்பு பிடிக்கவில்லை, புதிதாக யோசிக்கிறேன் என்றால், உங்களால் யாரைப் போய்ப் பார்க்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் கூகுளில் 'சைக்காலஜி டாபிக்ஸ்' என்று தேடி, கேட்க கம்பீரமாக இருப்பதை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் ஆள் தேடுகிறார்கள். கடைசியில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஃபார்ம் லிங்க்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் நிரப்புங்கப்பா என்று கெஞ்ச வேண்டியதுதான். ஒவ்வொரு துறையிலும் அதே நூறு பேர் அதே மாதிரி ஃபார்ம்களை நிரப்பிச் சலித்துப்போயிருக்கிறார்கள். அந்த டேட்டாவை நான் நம்ப மாட்டேன்.

உங்கள் கல்லூரியையே பாருங்கள். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர்கள் இருப்பார்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகளும் இருப்பார்கள். இவர்கள் வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்குவதற்கும் தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கும் தொடர்பு உண்டா? ஒரு செமஸ்டர் தாண்டியவர்களிடம் அது மாறியிருக்கிறதா? கேள்வி சிறியது, ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், வெளியூர் ஆய்வாளர் எவரையும்விட உங்களுக்கு இந்த உலகம் தெரியும். அல்லது ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது, உட்காரக் கிடைப்பவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் வேலை அலுப்பில் வித்தியாசம் உண்டா என்பது அருமையான கேள்வி. ஆனால் முதலாளி அனுமதி வேண்டும், அவர் அனுமதித்து சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது யார் உண்மையைச் சொல்வார்கள்? வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் வெளியே சந்திக்க உங்களால் முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் மூன்று மாதத்தில் வேண்டாம் என்பேன். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம், பள்ளியின் அனுமதி எல்லாம் வாங்க வேண்டும், அதற்கே பாதி நாள் போய்விடும்.

மனச்சோர்வை எடுப்பவர்கள் ஒன்றை யோசிப்பதே இல்லை. பலரும் எடுக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. பெயர் கேட்காத கூகுள் ஃபார்மில் ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. குறைந்தபட்சம் ஃபார்ம் முடிவில் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கல்லூரி ஆலோசகரைப் பார்க்கும் வழியையும் போட்டிருக்க வேண்டும். நேரில் கேட்கிறீர்கள் என்றால் அடுத்து யாரிடம் அழைத்துப் போவது என்பதைக் கைடிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இதற்குத் தயாராக இல்லாதவர் அந்தத் தலைப்பைத் தொடக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எத்தனை பேர் வேண்டும்? 'எல்லோரும் நூறு எடுக்கிறார்கள்' என்பது காரணம் இல்லை. தொடர்பின் வலிமையை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.3 அளவிலான தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க 85 பேர் போதும், 0.2 என்றால் ஏறத்தாழ 194 பேர் வேண்டும். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். உங்களால் 60 பேரைத்தான் பார்க்க முடியும் என்றால் சர்வேயை விட்டுவிட்டு, எட்டுப் பத்துப் பேரிடம் உட்கார்ந்து ஆழமாகப் பேசும் நேர்காணல் ஆய்வாகச் செய்யலாமா என்று கைடிடம் கேளுங்கள். அது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், பேசியதை எழுத்தாக்கவே முதுகு ஒடியும்.

ஆளைப் பார்க்கவே நேரமில்லை, ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படித்து எழுதும் கட்டுரை ஆய்வுக்கு உங்கள் துறையில் அனுமதி உண்டு என்றால், சண்டை இருக்கும் தலைப்பாக எடுங்கள். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று மாணவர்களைப் பிரிப்பதைப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் கேட்கலாம். அதன்படி பாடம் நடத்தினால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் ஆசிரியர்கள் ஏன் அதை நம்புகிறார்கள் என்று கேட்டால் முப்பது பக்கம் தாராளமாக வரும்.

முடிவு செய்யும் முன் கூகுள் ஸ்காலரிலும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்திலும் ஒரு மணி நேரம் தேடுங்கள். அப்புறம், பதில் 'தொடர்பு இல்லை' என்று வந்தால் எழுத உங்களிடம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

கைடு தானே ஒரு தலைப்பை நீட்டினால் வீம்புக்கு மறுக்காதீர்கள். அவரிடம் அளவுகோலும் முந்தைய வேலையும் இருக்கும், உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம். யாரிடம் டேட்டா எடுப்பது என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கக் கேட்டு வாங்குங்கள்.