கூச்சல் ஓய்ந்தது நல்ல செய்தி அல்ல

கேள்வி: வெளிநாடு போன என் தோழி, தான் வளர்த்த கினி பிக்கை (வாலில்லாத, எலி இனத்துச் சிறு பிராணி) எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பெயர் லட்டு. இரண்டரை வயது. வந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் வாரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பிறகு நன்றாகப் பழகியது. என் பத்து வயது மகளின் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டது, கூண்டுக்குள் துள்ளிக் குதித்தது. இப்போது இரண்டு வாரமாக ஆளே மாறிவிட்டது. மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூக்கினால் வீறிடுகிறது. போன வாரம் மகளின் விரலைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து கூண்டைப் பால்கனியில் வைத்திருக்கிறோம். கோதுமை, கம்பு, சப்பாத்தி, கடையில் எடைக்கு வாங்கும் தீனி எல்லாம் போடுகிறோம். பாதியை மிச்சம் வைக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறந்தாலே ஒரு கூச்சல் போடும், அது மட்டும் ஓய்ந்துவிட்டது, அந்த வகையில் நிம்மதி. என் மாமியார் 'அதுக்கு உடம்பு சரியில்லை' என்கிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கவலைதான். புது இடம் ஒத்துக்கொள்ளவில்லையா, சுபாவமே இதுதானா? இன்னொரு முறை கடித்தால் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறோம். கொடுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் நாலு வரி எழுதினேன். கூண்டை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பென்சிலின் வகை மருந்து கினி பிக்குக்கு ஆகாது என்று அவரிடம் சொல்லுங்கள். பச்சைக் கொத்தமல்லி வையுங்கள். பத்திரிகை அச்சாகி வரும்வரை அந்த உயிர் காத்திருக்காது என்பதால் அந்த அவசரம். மற்றதை இங்கே எழுதுகிறேன். முயல், லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி என்று பிராணியின் பெயர் மாறுகிறதே தவிர, இதே கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

கடித்ததைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். கூச்சல் ஓய்ந்ததை ஒரே வரியில் போகிற போக்கில் சொல்லி, கூடவே 'நிம்மதி' என்றும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஒரு வரிதான்.

அந்தக் கூச்சல் என்னவென்று நினைத்தீர்கள்? கினி பிக் பலவிதமாகச் சத்தம் போடும். சுகமாக இருந்தால் அடித்தொண்டையில் குறுகுறுக்கும். கோபம் வந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும். ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தத்துக்கும் காய்கறிப் பையின் சரசரப்புக்கும் 'வீக் வீக்' என்று வீடே அதிரக் கத்துகிறதே, அது பெரும்பாலும் மனிதர்களைப் பார்த்துப் போடுவது. 'நீ வருகிறாய், எனக்குக் கொண்டுவருகிறாய்' என்று உங்களை நம்பிக் கேட்பது. ஏழு வாரத்துக்குள் லட்டு உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் சத்தத்தைப் பழகி, உங்களிடம் கேட்கவும் ஆரம்பித்திருந்தது. பிறகு நிறுத்திவிட்டது. பசியெடுத்த கினி பிக் தீனி வரும் சத்தத்தைக் கேட்டும் சும்மா இருக்கிறது என்றால், அதற்கு உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். மற்ற மிருகங்களுக்கு இரையாகியே காலம் தள்ளிய இனம் அது. நோவைக் காட்டிக்கொண்டால் கழுகு தூக்கிப் போய்விடும். ஆகவே கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரிகிற அளவுக்கு நோய் வந்துவிட்டது என்றால், அது முற்றிப் பல நாள் ஆகியிருக்கும்.

புது இடம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதிய வரிசையை நீங்களே திரும்பப் படியுங்கள். முதல் வாரம் ஒளிந்தது, பிறகு மடிக்கு வந்தது, துள்ளியது. புது இடத்துப் பயம் அப்படித்தான் இருக்கும்: முதலில் உறைந்து நிற்கும், ஆள் நடமாட்டம் கேட்டால் பெட்டிக்குள் ஓடும், ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். அந்தத் துள்ளல், நின்ற இடத்திலிருந்து நாலு காலும் தரையைவிட்டு எகிறுவது, சந்தோஷம் தாங்காமல் வருவது. அது வந்துவிட்டது என்றாலே உங்கள் வீடு அதற்குப் பிடித்துப்போய்விட்டது. பழகித் தேறிய பிராணி ஐந்தாவது வாரத்துக்கு மேல் முடங்குகிறது என்றால், இடத்தையும் சுபாவத்தையும் ஏன் குறை சொல்கிறீர்கள்? தட்டைப் பாருங்கள்.

கோதுமை, கம்பு, சப்பாத்தி. கடிதத்தில் இலை என்று ஒன்றுகூட இல்லை, புல் என்று ஒரு வார்த்தை இல்லை. 1907-ஆம் ஆண்டு நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இரண்டு பேர், கப்பல் மாலுமிகளுக்கு வந்துகொண்டிருந்த ஒரு நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் கினி பிக்குகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் போட்டு வளர்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்துவிட்டது. வைட்டமின் சி கிடைக்காமல் ஈறும் மூட்டும் ரத்தம் கசிகிற நோய். முட்டைகோஸ் போன்ற பச்சைத் தீனி கொடுத்தபோது வராமல் காத்தது. பெரும்பாலான மிருகங்கள் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் கினி பிக்குக்கும் அது முடியாது. தினமும் சாப்பாட்டில்தான் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்திலேயே உடம்பு காட்டத் தொடங்கும். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நோய் உண்டாக்கிய அதே சாப்பாட்டைத்தான் உங்கள் வீட்டில் பாசத்தோடு போட்டிருக்கிறீர்கள்.

எடைக்கு வாங்கும் தீனியில் எல்லாச் சத்தும் இருக்குமே என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது முயலுக்கான தீனி என்றால் அதில் வைட்டமின் சி சேர்த்திருக்க மாட்டார்கள். கினி பிக்குக்கென்றே செய்த தீனியில்கூடத் தயாரித்து மூன்று மாதம் போனால் அந்தச் சத்து வெகுவாகக் குறைந்துவிடும். சாக்கிலிருந்து அள்ளிப் போட்டுக் கொடுப்பதில் தயாரித்த தேதி எங்கே இருக்கிறது?

இப்போது அந்த வீறிடலை யோசித்துப் பாருங்கள். மூட்டு வீங்கியிருக்கும் ஒரு உயிரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் கத்தாமல் என்ன செய்யும்? கத்தியும் விடவில்லை என்றால் கடிக்கும். உங்கள் மகளைக் கடித்தது வலி. குழந்தையின் விரலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினீர்களா, டாக்டரிடம் காட்டினீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. காட்டவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

சி சத்துக் குறைவுதான் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. கடைவாய்ப் பல் வளைந்து வளர்ந்து நாக்கை அழுத்தினாலும் தீனியை மிச்சம் வைக்கும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் முதுகை வளைத்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி தோலுக்குள் புகுந்திருந்தால் தொட்டாலே துடிக்கும். வாயைத் திறந்து பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் மருத்துவர் வேலை. உங்கள் தெருவில் நாய்க்குப் பார்க்கிறவர் 'எனக்குப் பழக்கமில்லை' என்று சொன்னால், அந்த நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு நாமக்கல்லிலோ ஒரத்தநாட்டிலோ உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் நாய்க்குச் சாதாரணம். கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றுவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பைத் தொடவே தொடாதீர்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பகல் முழுக்க லட்டுவோடு வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். எந்தப் புத்தகமும் படிக்காமல், பார்த்துக்கொண்டே இருந்ததால் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னதை 'எல்லாவற்றுக்கும் கவலைதான்' என்று தள்ளிவிட்டு, முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பெரியவர் 'இது சரியில்லை' என்றால், அந்த நேரத்தில் நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சலோடாவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டியது நம் கடமை என்று நினைக்கிறவள் நான். சாயங்காலம் இரண்டாவது காபி கேட்டு நச்சரித்த அப்பா ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டால், 'அப்பா இப்போது தொந்தரவே இல்லை' என்று சொல்லும் பிள்ளைகளை எனக்கு வரும் கடிதங்களில் நிறையப் பார்க்கிறேன். கேட்கிறவர் தொந்தரவு, கேட்காதவர் நல்லவர் என்ற கணக்கு உங்கள் வீட்டில் லட்டுவோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமியாரிடம் போய், 'நீங்கள் சொன்னதுதான் சரி' என்று சொல்லுங்கள். பகல் கண்காணிப்பை அவர் கையில் கொடுங்கள்: எத்தனை முறை சாப்பிட்டது, புழுக்கை வழக்கம்போல விழுகிறதா, சிறுத்துவிட்டதா. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அவர் உங்களை அலுவலகத்தில் கூப்பிடட்டும். கினி பிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் நின்றாலே உயிருக்கு ஆபத்து.

பால்கனிக்கு உங்களை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை. திருச்சி வெயிலில்! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரிலிருந்து வந்த இனம் அது. 30 டிகிரி தாண்டினாலே தவிக்கும், வியர்க்கவும் தெரியாது. நோய்வாய்ப்பட்டதை அடைக்கிற இடமா அது? ஹாலில், நிழலான சுவரோரம், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். கூண்டின் அடி கம்பியாக இருந்தால் மேலே தடித்த பருத்தித் துணி விரியுங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கால் புண்ணாகும்.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், இரவும் பகலும் கூண்டில் தீராமல் கிடக்க வேண்டும். கடையில் டிமோத்தி என்று காய்ந்த புல் கிடைக்கும். மலைக்கோட்டைப் பக்கம் பிள்ளையாருக்கு விற்கிறார்களே அருகம்புல் கட்டு, அதுவும் நல்லதுதான். நன்றாக அலசிப் போடுங்கள். வைக்கோல் படுக்க உதவும், சத்து கிடையாது. தினமும் கொத்தமல்லி, இரண்டு மூன்று துண்டு குடைமிளகாய், எப்போதாவது கொய்யாத்துண்டு. நெல்லிக்காயைச் சிறு கீற்றாக வைத்துப் பாருங்கள், புளிப்பு பிடித்தால் தின்னும். இலைக்குப் பழகாத வயிறு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சப்பாத்தியும் தானியமும் இனி வேண்டாம். பாலக்கீரையைத் தினசரி ஆக்காதீர்கள், கல் வரும். வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிக்கும் தண்ணீரில் கலக்காதீர்கள். சீக்கிரம் வீணாகும், ருசி மாறினால் தண்ணீரையே தொடாது. நல்ல நிலையில் உள்ளதற்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும், நோயுற்றதற்கு அதைவிட அதிகம். அந்த அளவை மருத்துவர் சொல்லட்டும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, இப்போதைக்குத் தினமும், தேறியபின் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். வாரத்தில் 50 கிராம் இறங்கினாலே மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூட்டமாக வாழும் பிராணிதான். சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றையாக வளர்க்கச் சட்டமே இடம் தரவில்லை. ஆனாலும் இப்போது வேண்டாம். முதலில் இருக்கிற ஒன்றைக் காப்பாற்றுங்கள்.

கொடுத்துவிடலாமா? கூடாது. உங்கள் தோழி விமானம் ஏறுவதற்கு முன் ஊரில் எத்தனையோ பேர் இருக்க உங்களை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்குள் அழைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, முடியாமல் போனபோது கைமாற்றுவது எனக்குத் தெரிந்த எந்த முறையிலும் சேராது. அதைவிட, மகளிடம் சொன்னீர்களே, 'இன்னொரு முறை கடித்தால் கொடுத்துவிடுவோம்' என்று, அதை நினைத்தால் கோபம் வருகிறது. முடியாதவரை இந்த வீடு வைத்துக்கொள்ளாது என்று பத்து வயதில் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? இன்றிரவே அவளை உட்கார வைத்து, லட்டுவுக்கு வலித்தது, நமக்குப் புரியவில்லை, இனிப் பார்த்துக்கொள்வோம், எங்கேயும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லுங்கள். பொறுப்பை அவள் தலையில் கட்டாதீர்கள். கொத்தமல்லி கிள்ளிப் போடுவது அவள் வேலை. உயிர் உங்கள் பொறுப்பு. மேலிருந்து கையை நீட்டாமல், பக்கவாட்டில் வந்து, ஒரு கை நெஞ்சுக்கடியிலும் ஒரு கை பின்கால்களுக்கடியிலும் கொடுத்துத் தூக்குவதை நீங்கள் செய்து காட்டுங்கள். வலி தீரும்வரை அவள் தூக்கவே வேண்டாம்.

சி சத்துக் குறைவுதான் என்றால், சரியான மருந்தும் தீனியும் கிடைத்த ஒரு வாரத்தில் தெம்பு தெரியும். அதுவரை மருத்துவர் ஊட்டச் சொல்லலாம்: தீனியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக, மென்று விழுங்க நேரம் கொடுத்து, மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவிலும் உண்டு. இத்தனை நீளக் கடிதத்தில் தோழி வருகிறாள், மாமியார் வருகிறார், மகள் வருகிறாள்; உங்கள் கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. காலை வேளை உங்களுக்கு, பகல் அத்தைக்கு. இரவு பதினொன்றும் விடியற்காலை மூன்றும் கணவர் கணக்கு. அலாரம் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.